விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களும் பதில்களும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. அதன்பிறகு வீட்டு மேசைக் கணினி, டிடிபி கடை, சின்ன அலுவலகம் என்று எல்லா இடத்திலும் 11-க்கு மாறுகிறார்கள். மாறியவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறோம். மெனுப் பெயர்கள் ஆங்கில விண்டோஸில் உள்ளவைதான், தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். விண்டோஸ் 11-இன் 24எச்2, 25எச்2 பதிப்புகளை வைத்து எழுதியது இது. அதற்கு முந்தைய பதிப்பில் சில பொத்தான்கள் வேறு இடத்தில் இருக்கலாம்.

1. என் கம்ப்யூட்டர்ல எந்த விண்டோஸ் இருக்குன்னே தெரியல. எங்க பார்க்கிறது?

விண்டோஸ் விசையோடு ஐ எழுத்தைச் சேர்த்து அழுத்துங்கள், செட்டிங்ஸ் திறக்கும். சிஸ்டம் → அபவுட் போய்க் கொஞ்சம் கீழே இறங்கினால் எடிஷன், வெர்ஷன் என்று இரண்டு வரிகள் இருக்கும். எடிஷன் என்பது ஹோமா, ப்ரோவா என்பது. வெர்ஷன் 24எச்2 என்றிருந்தால் 2024-இன் இரண்டாம் அரையாண்டுப் பதிப்பு. இரண்டையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள், கீழே சில பதில்கள் அதைப் பொறுத்தே மாறும்.

2. என் பழைய டெஸ்க்டாப் 11-ஐத் தாங்குமா?

மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலியை ஓட்டிப் பார்ப்பதுதான் நேர்வழி. எது குறைகிறது என்று அதுவே சொல்லிவிடும். 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், 64 பிட் பிராசஸர், செக்யூர் பூட் வசதியுள்ள போர்டு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை தேவை. இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்து ஏற்கும். ஐ5-8400 எட்டாம் தலைமுறை, ஐ5-7400 ஏழாம் தலைமுறை. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்த்தால் போதும். ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து. 4 ஜிபி ராம் என்பது நிறுவுவதற்கான அளவு, வேலை பார்ப்பதற்கான அளவு அல்ல. 8 ஜிபிக்குக் கீழே பிரவுசரில் பத்து டேப் திறந்தாலே மூச்சு வாங்கும்.

அசெம்பிள் செய்த கணினிகளில் "டிபிஎம் இல்லை" என்று வந்தால் உடனே புது போர்டு வாங்கக் கிளம்பாதீர்கள். 2018-க்குப் பின் வந்த போர்டுகள் பலவற்றில் அது இருக்கும், பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) அணைத்து வைத்திருப்பார்கள். கணினி தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி உள்ளே போய், இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற வரியை எனேபிள் செய்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள்.

செக்யூர் பூட் விஷயத்தில் ஒரு பொறி உண்டு. விண்டோஸ் பழைய லெகசி முறையில் நிறுவப்பட்டிருந்தால் வட்டு எம்பிஆர் வடிவத்தில் இருக்கும். அதை ஜிபிடி வடிவத்துக்கு மாற்றாமல் பயாஸில் மட்டும் யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றினால் "பூட் டிவைஸ் இல்லை" என்று நின்றுவிடும். பதற வேண்டாம், தரவு எதுவும் போகவில்லை. பயாஸில் பழையபடி வைத்தால் திரும்பத் தொடங்கும். வட்டை மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. பழக்கமில்லாதவர்கள் அதைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

3. "சப்போர்ட் இல்ல"ன்னு வருது. கடைக்காரர் எப்படியாவது போட்டுத் தர்றேங்கிறார். போடலாமா?

போடலாம், ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் இதே வித்தையைச் செய்ய வேண்டும். 24எச்2-இலிருந்து கோர் 2 டுவோ போன்ற மிகப் பழைய பிராசஸர்களில் எந்த வித்தையும் பலிக்காது, தொடங்கவே தொடங்காது. வங்கி வேலை, ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் கணினியில் இந்த வழி எங்களுக்கு உடன்பாடில்லை.

விண்டோஸ் 10-லேயே இருக்க நினைப்பவர்களுக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும் நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கணினி 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு சிங்க் செய்தால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர் அல்லது 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகள். வெறும் இணையமும் கடிதமும் போதும் என்பவர்கள் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் போட்டுக்கொண்டால் அதே கணினி இன்னும் சில ஆண்டு ஓடும்.

4. 11-க்குக் காசு கட்டணுமா?

ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 இருந்தால் இலவசம். ஹோம் ஹோமாகவும் ப்ரோ ப்ரோவாகவும் மாறும். விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ் → அப்டேட் அண்ட் செக்யூரிட்டி → ஆக்டிவேஷனில் "விண்டோஸ் இஸ் ஆக்டிவேட்டட்" என்று இருக்கிறதா என்று மாறுவதற்கு முன்பே பாருங்கள். பழைய விண்டோஸ் 7, 8 சாவி எண்ணை வைத்து ஏறும் வழியை 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டார்கள்.

5. அப்டேட் கொடுக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன செய்து வைக்கணும்?

நான்கு காரியம். முதலாவது, முக்கியமான கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அது முழு பாதுகாப்பு ஆகாது. இரண்டாவது, சி டிரைவில் இடம். 64 ஜிபி என்பது கணக்குக்கு. காலியாக 30 ஜிபியாவது இருந்தால் நிம்மதி. மூன்றாவது, யூபிஎஸ் அரைமணி நேரமாவது தாங்குமா என்று பாருங்கள். பேட்டரி மாற்றி மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தால் அதை நம்பி இறங்காதீர்கள்.

நான்காவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வட்டு பூட்டப்பட்டிருந்தால், அதாவது பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ இயங்கினால், 48 இலக்க மீட்பு எண் ஒன்று இருக்கும். விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ் → அப்டேட் அண்ட் செக்யூரிட்டி (11-இல் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி) பக்கத்தில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற வரி "ஆன்" என்றிருந்தால் அந்த எண்ணைத் தேடி எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து நிறுவியிருந்தால் பெரும்பாலும் அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில், டிவைசஸ் பகுதியில் இருக்கும். அந்த எண்ணை அதே கணினியில் சேமிப்பது, சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற கதை.

6. ஒரு மணி நேரமா 35 சதவீதத்திலேயே நிக்குது. அணைச்சிடவா?

அணைக்காதீர்கள். சதவீதம் நேராக ஏறுவதில்லை. சில படிகளில் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் மாறும், எண் மட்டும் அசையாது. கேபினட்டில் ஹார்டு டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. எஸ்எஸ்டி இல்லாத கணினியில் மொத்தம் இரண்டு மூன்று மணி நேரம் ஆவது சாதாரணம். மூன்று மணி நேரத்துக்கு மேல் எண்ணும் அசையாமல் விளக்கும் செத்துக் கிடந்தால் மட்டும் பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்து, திரும்பப் போடுங்கள்.

நடுவில் கரன்ட் போனால்? பதிவிறக்கும் கட்டத்தில் போனால் ஒன்றும் ஆகாது. நிறுவும் கட்டத்தில் போனால் பெரும்பாலும் "அன்டூயிங் சேஞ்சஸ்" என்று காட்டிப் பழைய நிலைக்குத் தானே திரும்பும். அப்போதும் பொறுமையாக விட வேண்டும். திரும்பிப் போகிற கணினியை நடுவில் அணைப்பதில்தான் உண்மையான ஆபத்து.

7. ஸ்டார்ட் பட்டன் நடுவுல வந்து நிக்குது. பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாதா?

டாஸ்க்பாரின் காலி இடத்தில் ரைட் கிளிக் → டாஸ்க்பார் செட்டிங்ஸ் → டாஸ்க்பார் பிஹேவியர்ஸ். அலைன்மென்ட்டை லெஃப்ட் ஆக்குங்கள், இடது மூலைக்குப் போய்விடும். அதே பக்கத்தில் "கம்பைன்" என்ற வரியை நெவர் ஆக்கினால், திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலும் பெயரோடு தனித்தனியாக நிற்கும். ஒரே நேரத்தில் ஐந்து எக்செல் கோப்பு திறந்து வைப்பவர்களுக்கு இது பெரிய வரம். 11 வந்த புதிதில் இந்த வசதியை எடுத்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 2023-இல் திருப்பித் தந்தார்கள். விட்ஜெட்ஸ், டாஸ்க் வியூ பொத்தான்கள் வேண்டாமென்றால் அங்கேயே அணைத்துவிடலாம்.

8. ரைட் கிளிக் பண்ணினா காப்பி, பேஸ்ட் எதுவும் காணோமே?

இருக்கிறது. மெனுவின் உச்சியில் சின்னப் படங்களாக மாறிவிட்டன. 24எச்2-இல் படத்துக்குக் கீழே பெயரும் சேர்த்திருக்கிறார்கள். பழைய நீள மெனுவே வேண்டுமென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள். ஜிப் மென்பொருள், ஆன்டிவைரஸ் போன்றவை சேர்த்துவைத்த பழைய வரிகளும் அதில்தான் தெரியும்.

9. டெஸ்க்டாப்ல வச்சிருந்த ஃபைல் எல்லாம் ஒன்டிரைவ்ல போய் உக்காந்திருக்கு. இப்ப "இடம் நிரம்பிவிட்டது"ன்னு தினமும் கத்துது.

மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவ் தன் கோப்புறைக்குள் இழுத்துக்கொள்வதுண்டு. இலவச அளவு 5 ஜிபி. கல்யாண வீடியோ ஒன்று டெஸ்க்டாப்பில் இருந்தாலே நிரம்பிவிடும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள மேகப் படத்தைக் கிளிக் செய்து, செட்டிங்ஸ் → சிங்க் அண்ட் பேக்கப் → மேனேஜ் பேக்கப் போய் மூன்றையும் அணையுங்கள். கோப்புகளை எங்கே வைப்பது என்று கேட்டால் கணினியிலேயே என்று சொல்லுங்கள். அப்படிக் கேட்காமல் டெஸ்க்டாப் வெறுமையானால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் பழைய டெஸ்க்டாப் இருக்கும். அங்கிருந்து கட் செய்து கொண்டுவாருங்கள்.

இடம் பிடிக்கிறதே என்று ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இருப்பதை நேராக அழித்துவிடாதீர்கள். அது நகல் அல்ல, உங்களிடம் இருக்கும் ஒரே பிரதி அதுவாகவே இருக்கலாம். ஏற்கெனவே அழித்துவிட்டால், ஒன்டிரைவ் இணையப் பக்கத்தின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருக்கும்.

10. தமிழ்ல டைப் அடிக்க தனி சாஃப்ட்வேர் போடணுமா?

வேண்டாம். செட்டிங்ஸ் → டைம் அண்ட் லாங்க்வேஜ் → லாங்க்வேஜ் அண்ட் ரீஜன் → ஆட் எ லாங்க்வேஜில் தமிழ் என்று தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கும்போது "விண்டோஸ் டிஸ்ப்ளே லாங்க்வேஜ்" என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மெனுக்கள் எல்லாம் தமிழுக்கு மாறிவிடும். தமிழ் மெனு வேண்டும் என்பவர்கள் வைத்துக்கொள்ளலாம். சில பக்கங்கள் ஆங்கிலத்திலேயே நிற்கும், இணையத்தில் தீர்வு தேடும்போது பொத்தான் பெயர் ஒத்துவராது என்பதையும் மனதில் வையுங்கள்.

பிறகு தமிழ் வரிக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளி → லாங்க்வேஜ் ஆப்ஷன்ஸ் → ஆட் எ கீபோர்டு. ஃபொனெடிக் என்பது ஒலியை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக்கித் தருவது. ல, ள, ழ குழப்பம் வந்தால் கீழே விரியும் பட்டியலில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்99 என்பது 1999-இல் தமிழக அரசு ஏற்ற தட்டு. உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில். எச் விசை க, க்யூ விசை ஆ; இரண்டையும் அடுத்தடுத்து அடித்தால் கா. பத்து நாள் கை தடுமாறும், அதன்பின் ஃபொனெடிக்கைத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். தினம் ஒரு பக்கமாவது அடிப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை தமிழ்99-தான். அஞ்சல் என்ற தட்டச்சு முறையில் பழகியவர்களுக்குப் புதிய பதிப்புகளில் அதுவும் இருக்கிறது. மொழி மாற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பார்.

இதையொட்டி இன்னொரு புகார் வரும்: ஷிஃப்ட் 2 அடித்தால் @ வராமல் மேற்கோள் குறி வருகிறது என்று. ஆங்கிலம் யுனைடெட் கிங்டம் தட்டு உட்கார்ந்திருக்கிறது, அதை நீக்குங்கள். ஆங்கிலம் இந்தியா தட்டைச் சேர்த்தால் வலப்பக்க ஆல்ட் விசையும் 4-உம் சேர்ந்து ₹ குறி தரும்.

11. பாமினியில அடிச்ச பழைய கடிதம் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் கமாவுமா தெரியுது. ஃபைல் கெட்டுப் போச்சா?

கெடவில்லை. பாமினி, வானவில் போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்கள். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு இல்லாத கணினியில் அதன் நிஜ முகம் தெரிகிறது, அவ்வளவே. பழைய கணினியின் சி டிரைவ் → விண்டோஸ் → ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்துவந்து, ரைட் கிளிக் → இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ் கொடுங்கள். அந்த வரி உடனே தெரியாவிட்டால் 8-இல் சொன்ன ஷிஃப்ட் வழி. வெறும் இன்ஸ்டால் கொடுத்தால் உங்கள் பயனர் கணக்குக்கு மட்டுமே போகும், சில பழைய மென்பொருள்களின் பட்டியலில் வராது.

நெடுநாள் வைத்திருக்க வேண்டிய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் பல உண்டு. மாற்றியபின் கொம்பு எழுத்துகளையும், நடுவில் ஆங்கிலம் வந்த வரிகளையும் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும், பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும். யூனிகோடு எழுத்துருவான லதாவில் அடித்த கோப்பு வேறு முகத்தில் தெரிந்தால் அது இன்னும் எளிது. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பக்கத்தில் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸைச் சேர்த்தால் போதும்.

12. மாத்தினதிலிருந்து ஆமை மாதிரி இருக்கு. என்ன செய்ய?

முதல் இரண்டு நாள் எதுவும் செய்யாதீர்கள். தேடலுக்கான அட்டவணை புதிதாக உருவாகும், விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் எல்லாக் கோப்பையும் ஒருமுறை பார்க்கும், டிரைவர்கள் (பிரின்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருள்கள்) இறங்கும். இரவு முழுக்க ஆன் செய்து விட்டாலே பாதி சரியாகிவிடும்.

அதற்குப் பிறகும் மெதுவென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், உங்களிடம் இருப்பது பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்க். எந்த செட்டிங்ஸும் அதைக் காப்பாற்றாது, 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டு விண்டோஸை அதற்கு மாற்றுவதே மருந்து. டிஸ்க் சும்மா இருந்து மெமரி 90-ஐத் தாண்டினால் ராம் போதவில்லை. இரண்டும் இல்லையென்றால் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கத்தில், தொடங்கும்போதே எழுந்து வரும் செயலிகளை டிஸேபிள் செய்யுங்கள். ஆன்டிவைரஸ், ஒலி, பிரின்டர் தொடர்பானவற்றை விட்டுவிட்டு மற்றவற்றில் கை வைக்கலாம். "ஸ்பீட் பூஸ்டர்" என்று விற்கும் மென்பொருள் எதுவும் வேண்டாம்.

13. தினமும் ஷட் டவுன் பண்றேன். ஆனா "பல நாளா ரீஸ்டார்ட் ஆகல"ன்னு சொல்லுதே?

இரண்டும் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உள்பகுதி முழுதாக அணைவதில்லை. வட்டில் உறைய வைத்து, அடுத்த முறை அப்படியே எழுப்புகிறது. அதனால் தொடங்குவது வேகம், ஆனால் சிக்கிய டிரைவரும் அதே சிக்கலோடு எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுக்கப் புதிதாய்த் தொடங்கும். டாஸ்க் மேனேஜர் → பெர்ஃபார்மன்ஸ் → சிபியூவில் அப்டைம் என்ற எண்ணைப் பாருங்கள், ஏழெட்டு நாள் காட்டினால் வியப்பில்லை. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைக் கிளிக் செய்தால் அந்த ஒருமுறை முழுதாக அணையும். பிரின்டர் மக்கர், சத்தம் வராதது, வைஃபை தெரியாதது ஆகியவற்றுக்கெல்லாம் முதல் மருந்து ரீஸ்டார்ட்தான், ஷட் டவுன் அல்ல.

14. சி டிரைவ் சிவப்பாயிடுச்சு. விண்டோஸ் ஓல்டுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அழிக்கலாமா?

அது உங்கள் பழைய விண்டோஸ். 10-க்குத் திரும்பும் வழி (19-ஐப் பாருங்கள்) அதில்தான் இருக்கிறது. சுமார் 10 நாளில் தானே அழிந்துவிடும். அவசரமென்றால் செட்டிங்ஸ் → சிஸ்டம் → ஸ்டோரேஜ் → டெம்பரரி ஃபைல்ஸில் ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன் வரியை டிக் செய்து நீக்குங்கள். கோப்புறையை நேராக டெலீட் அடித்தால் அனுமதி இல்லை என்று பாதியில் நிற்கும். அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும். வேகத்தில் அதையும் டிக் செய்து, இறக்கி வைத்த பில், சான்றிதழ் எல்லாவற்றையும் இழந்தவர்கள் அதிகம்.

15. வேலை நடுவுல தானா ரீஸ்டார்ட் ஆகுது. அப்டேட்டையே நிறுத்திட முடியாதா?

நிறுத்த வழி தேடாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். செட்டிங்ஸ் → விண்டோஸ் அப்டேட் → அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் → ஆக்டிவ் ஹவர்ஸில் கடை நேரத்தைக் கொடுங்கள். அதிகபட்சம் 18 மணி நேரம் கொடுக்கலாம். அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. மாதக் கடைசிக் கணக்கு, தேர்வு வினாத்தாள் வேலை போன்ற நெருக்கடி இருந்தால் பாஸ் அப்டேட்ஸில் 5 வாரம் வரை தள்ளிப்போடலாம்.

பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய் வெளியாகும். நம் நேரத்துக்கு அது இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி, ஆகவே புதன் காலையில் கணினியைத் திறக்கும்போது காத்திருக்கும். மூன்று நான்கு நாள் பொறுத்துப் போடுவதில் தப்பில்லை. 2025 அக்டோபர் அப்டேட்டில், மீட்புத் திரைக்குப் போனால் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போயின. ஒரே வாரத்துக்குள், 20-ஆம் தேதி, திருத்தம் வந்தது. மாத இறுதியில் "ப்ரிவ்யூ" என்ற பெயரோடு வருபவை கட்டாயமல்ல, வேலைக் கணினியில் அவற்றைத் தொட வேண்டாம். "கெட் தி லேட்டஸ்ட் அப்டேட்ஸ்" பொத்தானையும் அணைத்தே வையுங்கள்.

16. வேர்ட்பேட் எங்க போச்சு? மெயில் ஆப்பும் திறக்கல.

வேர்ட்பேடை 24எச்2-இலிருந்து எடுத்துவிட்டார்கள், திரும்பப் பெற அதிகாரபூர்வ வழியில்லை. அதில் சேமித்த ஆர்டிஎஃப் கோப்புகளை வேர்டோ இலவச லிப்ரே ஆஃபீஸோ திறக்கும். மெயில் செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அதன் இடத்தில் புதிய அவுட்லுக் இருக்கிறது, பிடிக்காதவர்கள் தண்டர்பேர்டு போட்டுக்கொள்ளலாம்.

17. டாஸ் காலத்து பில்லிங் புரோகிராம் திறக்கவே மாட்டேங்குது. பழைய ஸ்கேனரும்தான்.

இரண்டுக்கும் காரணம் வேறு. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் ஓடும், அதற்கு முந்தைய 16 பிட் மென்பொருள் ஓடாது. ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய டாஸ் பில்லிங் இந்தக் கடைசி வகை. டாஸ்பாக்ஸ் என்ற இலவசச் செயலிக்குள் அதை ஓட்டலாம். பிரின்ட் எடுப்பதில்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், முதலில் ஒரு மாதிரி பில் அடித்துப் பார்த்த பிறகே பழைய கணினியைக் கைவிடுங்கள்.

ஸ்கேனர், டாங்கிள் விஷயத்தில் பெரும்பாலும் பழைய டிரைவரைத் தடுப்பது மெமரி இன்டெக்ரிட்டி என்ற காவல் வசதி. விண்டோஸ் செக்யூரிட்டி → டிவைஸ் செக்யூரிட்டி → கோர் ஐசொலேஷனில் அது இருக்கிறது. முதலில் தயாரிப்பாளரின் தளத்தில் புது டிரைவர் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மட்டும் மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்துப் பாருங்கள், கணினியின் காவல் ஒரு படி குறையும் என்று தெரிந்தே.

18. பக்கத்து கம்ப்யூட்டர் ஷேர் ஃபோல்டர் திறக்கல. பாஸ்வேர்டு கேக்குது, சரியா அடிச்சாலும் தப்புங்குது.

பத்தில் எட்டுப் பேர் அடிப்பது பின் எண்ணை. பின் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து நுழைவதற்கு மட்டும்தான், நெட்வொர்க்கில் செல்லாது. கோப்புறை எந்தக் கணினியில் இருக்கிறதோ, அந்தக் கணினியின் பயனர் பெயரும் முழு பாஸ்வேர்டும் வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் நெட்வொர்க் வழியாக விண்டோஸ் ஏற்காது. எளிய வழி: கோப்புறை உள்ள கணினியில் தனியாக ஒரு லோக்கல் கணக்கு, பாஸ்வேர்டோடு உருவாக்கி, கோப்புறைக்கு அந்தக் கணக்கை மட்டும் அனுமதித்து, மற்றக் கணினிகளில் அதையே கொடுங்கள்.

பழைய நாஸ் பெட்டியோ (நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் டிஸ்க் பெட்டி) ரவுட்டரில் செருகிய டிஸ்கோ 24எச்2-க்கு மாறியதும் நின்றுபோனால் காரணம் வேறு. ப்ரோ எடிஷனில் (1-இல் குறித்து வைத்தீர்களே) பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவை மூடி, கையொப்பமிட்ட இணைப்பையும் கட்டாயமாக்கிவிட்டார்கள். அந்தப் பெட்டியின் ஃபர்ம்வேரை, அதாவது உள்மென்பொருளைப் புதுப்பித்து, பயனர் பெயர், பாஸ்வேர்டு வைப்பதே சரியான தீர்வு. விண்டோஸ் பக்கம் காவலைத் தளர்த்துவது கடைசி வழியாக இருக்கட்டும்.

19. எனக்கு 11 ஒத்துவரல. 10-க்கே திரும்பிப் போக முடியுமா?

மாறி 10 நாளுக்குள் என்றால் செட்டிங்ஸ் → சிஸ்டம் → ரெக்கவரி → கோ பேக். உங்கள் கோப்புகள் இருக்கும், 11-க்கு வந்த பிறகு நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். 14-இல் சொன்ன கோப்புறையை நீக்கியிருந்தால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. 10 நாள் தாண்டிவிட்டால் வட்டைத் துடைத்து 10-ஐப் புதிதாக நிறுவுவதுதான் வழி. பொத்தான் இடம் மாறியதற்காக மட்டும் திரும்புவதாக இருந்தால் 7, 8-ஐ ஒருமுறை செய்து பாருங்கள். வேலைக்கு உயிரான மென்பொருள் ஓடவில்லை என்றால் மட்டுமே திரும்புவதில் அர்த்தம் உண்டு.

20. அப்டேட்டுக்கு அப்புறம் நீலத் திரையில 48 எண் கேக்குது. எதையும் நான் லாக் பண்ணவே இல்லையே?

நீங்கள் பூட்டியிருக்க மாட்டீர்கள், விண்டோஸே பூட்டியிருக்கும். 24எச்2-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், வசதியுள்ள கணினிகளில் வட்டைத் தானே பூட்டிவிடுகிறது. பயாஸ் அப்டேட் செய்தாலோ டிபிஎம்மை அணைத்துப் போட்டாலோ, போர்டு மாற்றினாலோ "இது வேறு கணினியோ" என்று சந்தேகப்பட்டு எண் கேட்கும். பயாஸில் எதையாவது மாற்றியிருந்தால் முதலில் பழையபடி வைத்துப் பாருங்கள், கேட்காமலே திறக்கலாம்.

இல்லையென்றால் கைபேசியில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, 5-இல் சொன்ன பக்கத்தில் எண்ணை எடுங்கள். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒத்துப்போகும் எண்ணே சரி, வீட்டில் இரண்டு மூன்று கணினி இருந்தால் இது முக்கியம். கணினியை அமைத்துத் தந்தவர் தன் மின்னஞ்சலைக் கொடுத்து அமைத்திருந்தால் எண் அவர் கணக்கில் இருக்கும், அவரைத்தான் பிடிக்க வேண்டும். எண் எங்குமே இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது. வட்டை அழித்துத்தான் மீண்டும் பயன்படுத்தலாம். எண்ணை உடைத்துத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

21. விண்டோஸ் திறக்குது, ஆனா அப்டேட் மட்டும் ஒவ்வொரு மாசமும் ஃபெயில் ஆகுது. ஃபார்மட் தான் வழியா?

கடைகளில் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு முன் மூன்று படி இருக்கிறது. முதலில் 14-ஐப் பார்த்து இடம் ஏற்படுத்தி, 13-இல் சொன்னபடி ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். கணிசமானவை இங்கேயே முடியும். அடுத்து செட்டிங்ஸ் → சிஸ்டம் → ட்ரபிள்ஷூட் → அதர் ட்ரபிள்ஷூட்டர்ஸில் விண்டோஸ் அப்டேட் வரியின் ரன் பொத்தான்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. செட்டிங்ஸ் → சிஸ்டம் → ரெக்கவரியில் "ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்" என்ற வரிக்கு எதிரே ரீஇன்ஸ்டால் நவ் என்று இருக்கும். அதே விண்டோஸை அதன் மேலேயே புதிதாக இறக்கி நிறுவும். கோப்பு, மென்பொருள், செட்டிங்ஸ் மூன்றும் அப்படியே இருக்கும். பல ஜிபி இறங்கும் என்பதால் மொபைல் டேட்டாவில் செய்யாதீர்கள். பக்கத்திலேயே இருக்கும் ரீசெட் திஸ் பிசி என்பது வேறு. அதில் "கீப் மை ஃபைல்ஸ்" கொடுத்தாலும் நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும், டாலியையும் பிரின்டரையும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். இரண்டு பொத்தானுக்கும் நடுவே ஓர் அங்குலம்தான் இடைவெளி, படித்துவிட்டு அழுத்துங்கள்.